அளந்து வைக்கும் அடி

நுழையும்முன்

எண்ணுதல் எளிய செயல் என்றே பலரும் எண்ணுகின்றனர். எங்குத் தொடங்குவது, எங்கு நிறுத்துவது, எவ்வளவு தாவுவது என்னும் மூன்றையும் தெளிவாகச் சொல்லவேண்டிய நிலை வரும்போதுதான் அதன் அருமை புலப்படுகிறது. மனிதர் ஒருவர்க்குச் சொல்லும்போது விட்டுப்போனதை அவரே நிரப்பிக்கொள்வார். கணினி அவ்வாறு செய்யாது. பழைய கணினிமொழியின் சிறு சொல்லொன்று எண்ணும் கலைக்குக் கற்பிக்கும் பாடத்தை இக்கட்டுரை எடுத்துரைக்கிறது.

தோப்புக்காரரின் கணக்கு

பொள்ளாச்சி வட்டாரத்தில் தென்னங்கன்று நடுவோர் முதலில் செய்யும் பணி, கயிறு பிடித்துக் குழிகளுக்கு இடம் குறிப்பதாகும். மரத்திற்கு மரம் 25 அடி இடைவெளி வேண்டும் என்பது கோயம்புத்தூரில் உள்ள தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் பரிந்துரை. முதற்குழிக்கு ஓர் இடம் குறித்து, அங்கிருந்து 200 அடி நீளத்திற்குக் கயிறு பிடித்தால் எத்தனைக் குழிகள் கிடைக்கும்? 200ஐ 25ஆல் வகுத்து ‘எட்டு’ என்று விடை சொல்வார், ஏட்டுக்கணக்கு மட்டும் அறிந்தவர். ‘ஒன்பது’ என்பார் தோப்புக்காரர். இடைவெளிகள் எட்டு, குழிகளோ ஒன்பது. கயிற்றின் இரு முனைகளிலும் குழி உண்டு என்பதை அவருடைய கைகள் அறியும்.

இதே கணக்கைப் ‘பேசிக்’ என்னும் கணினிமொழியில் எழுதினால் மூன்று வரிகளில் முடிந்துவிடும்.

ஃபார் தொலைவு = 0 டு 200 ஸ்டெப் 25
பிரிண்ட் தொலைவு
நெக்ஸ்ட் தொலைவு

இதனை ‘மடக்கு’ என்பர். ஒரே செயலைத் திரும்பத் திரும்பச் செய்யுமாறு கணினியைப் பணிக்கும் கட்டளை இது. ‘தொலைவு’ என்பது மாறி. அது 0இல் தொடங்குகிறது. ஒவ்வொரு சுற்றிலும் 25 கூடுகிறது. 200ஐத் தாண்டியதும் மடக்கு முடிகிறது. 0, 25, 50 எனத் தொடங்கி 200 வரை ஒன்பது எண்கள் அச்சாகும். தோப்புக்காரரின் விடையும் அதுவே. ‘ஸ்டெப்’ என்னும் ஆங்கிலச் சொல்லுக்கு எடுத்துவைக்கும் அடி என்பது பொருள். ஒவ்வொரு சுற்றிலும் மாறி எவ்வளவு நகரவேண்டும் என்பதை அச்சொல்லுக்குப் பின் வரும் எண் அறிவிக்கிறது. அதனைப் ‘படியளவு’ எனலாம்.

எல்லார்க்கும் உரிய மொழி

பேசிக் மொழி அமெரிக்காவின் டார்ட்மவுத் கல்லூரியில் ஜான் கெமனி, தாமஸ் கர்ட்ஸ் என்னும் கணிதப் பேராசிரியர் இருவரால் உருவாக்கப்பட்டு, 1964ஆம் ஆண்டு மே முதல் நாளில் முதன்முதலாக இயக்கப்பட்டது. அறிவியல் மாணவர்களேயன்றி, இலக்கியமும் வரலாறும் பயிலும் மாணவர்களும் கணினியைப் பயன்படுத்தவேண்டும் என்பதே அவ்விருவரின் நோக்கம். இந்தியாவில் 1984ஆம் ஆண்டு நடுவண் அரசு தொடங்கிய பள்ளிக் கணினிக்கல்வித் திட்டத்தின்வழிப் பி.பி.சி. மைக்ரோ என்னும் கணினிகள் பள்ளிகளுக்கு வந்தன. அவற்றில் இருந்ததும் பேசிக் மொழியே. இன்று தமிழ்நாட்டில் பதினோராம் வகுப்புக் கணினி அறிவியல் மாணவர்கள் சி++ மொழியையும், பன்னிரண்டாம் வகுப்பில் பைத்தான் மொழியையும் பயில்கின்றனர். பேசிக் பழங்கதையாகிவிட்டது.

பழைய மொழியை மீண்டும் புரட்டுவதால் பயன் என்ன என்னும் வினா இங்கு எழக்கூடும். அதற்குரிய விடை எளியது. தொடக்கம், முடிவு, படியளவு ஆகிய மூன்றையும் ஒரே வரியில், வாய்விட்டுப் படிக்கத்தக்க சொற்களில், தனித்தனியே கேட்டது அம்மொழி. அம்மூன்றையும் தனித்தனியே சிந்திக்கக் கற்றவர் எந்த மொழியிலும் பிழையின்றி எழுதுவார். சிந்திக்காமல் பார்த்து எழுதுபவர் எந்த மொழியிலும் தடுமாறுவார்.

ஓர் எண் பிறழ்ந்தால்

பரம்பிக்குளம் – ஆழியாறு திட்டத்தின் பாசனமுறை இதற்கு ஏற்ற சான்றாகும். கோயம்புத்தூர், திருப்பூர் மாவட்டங்களில் ஏறத்தாழ 3.77 இலட்சம் ஏக்கர் நிலம் இத்திட்டத்தால் பயன்பெறுகிறது. அவ்வளவு நிலத்திற்கும் ஒரே வேளையில் நீர் தர இயலாது. ஆகவே அந்நிலப்பரப்பு நான்கு மண்டலங்களாகப் பிரிக்கப்பட்டு, முறைவைத்து நீர் வழங்கப்படுகிறது. ஒரு மண்டலத்திற்கு ஈராண்டுக்கு ஒருமுறை நீர் என்பது ஏற்பாடு. மழையையும் அணைகளின் நீரிருப்பையும் பொறுத்து நாள்கள் முன்பின் ஆகலாம். வரிசை என்பது பொது.

வகுப்பறைப் பயிற்சியாக ஒரு மாணவர் இருபது முறைகளுக்கு அட்டவணை எழுதுவதாகக் கொள்வோம். முதல் மண்டலத்திற்குரிய கட்டளை ‘ஃபார் முறை = 1 டு 20 ஸ்டெப் 4’ என்பதாகும். 1, 5, 9, 13, 17 ஆகிய முறைகள் கிடைக்கும். மூன்றாம் மண்டலத்திற்குத் தொடக்கத்தை 3 என மாற்றினால் போதும். 3, 7, 11, 15, 19 என விடை வரும். நான்கு மண்டலங்களுக்கும் படியளவு ஒன்றே. தொடக்கம் மட்டுமே வேறு.

இனி, அம்மாணவர் முதல் மண்டலத்திற்கு 1 என்பதற்கு மாறாக 0 என்று தொடங்கிவிட்டால் என்னவாகும்? 0, 4, 8, 12, 16, 20 என்னும் எண்கள் வரும். ‘0ஆவது முறை’ என்று ஒன்று இல்லை. எஞ்சிய ஐந்தும் நான்காம் மண்டலத்திற்கு உரியவை. ஒரு மண்டலத்தின் நீர் முழுவதும் மற்றொரு மண்டலத்தின் பெயரில் எழுதப்பட்டுவிட்டது. தொடக்கத்தைச் சரியாக 1 என எழுதிப் படியளவை 3 எனப் பிறழ எழுதினாலோ, 1, 4, 7, 10, 13, 16, 19 என வரும். முதல் மண்டலம் ஏனைய மூன்று மண்டலங்களின் முறைகளையும் மாறிமாறிப் பறித்துக்கொள்ளும்.

இவ்விரண்டு பிழைகளையும் கணினி சுட்டிக்காட்டாது. இலக்கணப் பிழை இருந்தால்தான் அது நின்று அறிவிக்கும்; கருத்துப் பிழையைக் கண்டறிய அதனால் ஆகாது. அட்டவணை அழகாக அச்சாகி வரும். வாய்க்காலில் நீர் வரும் நாளில் எவருடைய மடை திறக்கிறது, எவருடைய மடை அடைத்துக் கிடக்கிறது என்பதில்தான் பிழை வெளிப்படும். ஈராண்டு காத்திருந்த உழவர்க்கு ஓர் எண்ணின் பிறழ்வு ஒரு பருவத்தின் இழப்பாகும்.

இறங்குமுகமாக எண்ணும்போது மற்றோர் எச்சரிக்கையும் தேவை. ஆழியாறு அணையின் முழுக்கொள்ளளவு மட்டம் 120 அடி. நீர்மட்டம் பத்துப்பத்து அடியாகக் குறைவதை அட்டவணையாக்க ‘ஃபார் மட்டம் = 120 டு 0 ஸ்டெப் -10’ என்று எழுதவேண்டும். பதின்மூன்று வரிகள் அச்சாகும். கழித்தற்குறியை மறந்துவிட்டால் முதல் எண்ணே முடிவைத் தாண்டி நிற்பதால் மடக்கு ஒருமுறைகூட இயங்காது. சில நுண்கணினிகளின் பேசிக்கிலோ ஒரே ஒருமுறை இயங்கி ஓய்ந்துவிடும். படியளவு 0 ஆனால் மாறி நின்ற இடத்திலேயே நிற்கும். மடக்கு முடிவின்றிச் சுழலும். செல்லும் திசைக்கும் வைக்கும் அடிக்கும் பொருத்தம் வேண்டும் என்பதே இதன் சாரம்.

மொழிகள் கொண்ட கருத்து வேறுபாடு

படியளவை எவ்வாறு அமைப்பது என்பதில் கணினிமொழிகளை ஆக்கியவர்கள் ஒரே கருத்தினர் அல்லர். ஐ.பி.எம். நிறுவனத்தில் ஜான் பேக்கஸ் தலைமையில் உருவாகி 1957இல் வெளிவந்த போர்ட்ரான் மொழி, தொடக்கம், முடிவு, படியளவு மூன்றையும் காற்புள்ளியிட்டு அடுத்தடுத்து எழுதச் செய்தது. அல்கால் 60 மொழி ‘ஸ்டெப்’ என்னும் சொல்லையே கையாண்டது. 1970இல் நிக்கலஸ் விர்த் வெளியிட்ட பாஸ்கல் மொழியோ படியளவையே நீக்கிவிட்டது. அதில் ஒன்று ஒன்றாக ஏறலாம். அல்லது ஒன்று ஒன்றாக இறங்கலாம். வேறு அளவு வேண்டுவோர் தாமே கணக்கிட்டுக்கொள்ள வேண்டும்.

தோப்பின் கணக்கைப் பாஸ்கலில் எழுதுபவர் 0 முதல் 8 வரை ஒன்று ஒன்றாக எண்ணி, ஒவ்வோர் எண்ணையும் 25ஆல் பெருக்கித் தொலைவைப் பெறுவார். இது சுற்றுவழி போலத் தோன்றும். எனினும் இதில் ஒரு நன்மை உண்டு. ‘எத்தனையாவது குழி’ என்பதும் ‘எவ்வளவு தொலைவு’ என்பதும் இரு வேறு செய்திகள் என்பது இங்குத் தெளிவாகிறது. முன்னது எண்ணிக்கை, பின்னது அளவு. எண்ணிக்கையையும் அளவையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்வதால் வரும் கேட்டை, படியளவு பின்னமாகும்போது காணலாம்.

பத்தில் ஒன்றின் சிக்கல்

25 அடி என்பது மெட்ரிக் அளவில் ஏறத்தாழ ஏழரை மீட்டர். ‘ஃபார் தொலைவு = 0 டு 60 ஸ்டெப் 7.5’ என்றால் ஒன்பது எண்கள் பிழையின்றி வரும். ‘ஃபார் தொலைவு = 0 டு 1 ஸ்டெப் 0.1’ என்றால் பதினோரு எண்கள் வரவேண்டும். ஆனால் அவ்வாறு வரும் என்று உறுதி கூற இயலாது. ஏழரைக்கு இல்லாத சிக்கல் பத்தில் ஒன்றுக்கு ஏன் வருகிறது?

கணினி எண்களை இருநிலை முறையில் சேமிக்கிறது. பின்னங்களை அரை, அதில் பாதி, அதிலும் பாதி எனப் பகுத்துக் கூட்டியே அது குறிக்கமுடியும். ஏழரையில் உள்ள அரை அதற்கு எளிது. பத்தில் ஒன்றோ பதினாறில் ஒன்று, முப்பத்திரண்டில் ஒன்று, இருநூற்று ஐம்பத்தாறில் ஒன்று எனக் கூட்டிக்கொண்டே போனாலும் முடிவுறாது. மூன்றில் ஒன்றைத் தசமத்தில் எழுதினால் 0.333 என நீண்டுகொண்டே போவதைப் போன்றது இது. ஓரிடத்தில் கணினி அதனை வெட்டித்தான் ஆகவேண்டும்.

தமிழரின் பழைய பின்ன வாய்ப்பாடு அறிந்தவர்க்கு இது எளிதில் விளங்கும். அரை, கால், அரைக்கால், மாகாணி ஆகியவை முறையே இரண்டில், நான்கில், எட்டில், பதினாறில் ஒன்று. இவை நான்கும் கணினியில் குறைவின்றி அடங்கும். மா என்பது இருபதில் ஒன்று. காணி என்பது எண்பதில் ஒன்று. இவை இரண்டும் அடங்கா. மாவும் காணியும் கூடியதே மாகாணி என்பதும், கூடியவுடன் அது அடங்கிவிடுகிறது என்பதும் எண்ணி மகிழத்தக்கன. பின்னம் சிறியதா பெரியதா என்பதன்று சிக்கல். மீண்டும் மீண்டும் பாதியாக்கி அதனை அடைய இயலுமா என்பதே வினா.

வெட்டப்பட்ட பத்தில் ஒன்றைப் பத்துமுறை கூட்டினால் முழுமையான ஒன்று கிடைப்பதில்லை. 1985இல் வகுக்கப்பட்ட பொதுத் தரத்தின்படி, ஒற்றைத் துல்லிய எண்ணாகக் கூட்டினால் விடை ஒன்றைவிடச் சற்றே மிகும். இரட்டைத் துல்லிய எண்ணாகக் கூட்டினால் ஒன்றைவிடச் சற்றே குறையும். மிகும்போது மடக்கு 0.9உடன் நின்று, கடைசி எண் விடுபட்டுப்போகும். குறையும்போது ‘ஒன்றுக்குச் சமமாகும் வரை’ என்று எழுதப்பட்ட மடக்கு நிற்கவே நிற்காது.

அறிஞர் உலகம் இதனைப் பட்டறிந்தே கற்றது. முழு எண்களை மட்டுமே மடக்கில் ஏற்ற போர்ட்ரான், தன் 77ஆம் ஆண்டுத் தரத்தில் பின்ன எண்களையும் ஏற்றது. பின்னர் 90ஆம் ஆண்டுத் தரத்தில் அதனை வழக்கொழியத்தக்கது எனக் குறித்து, 95ஆம் ஆண்டுத் தரத்தில் நீக்கியேவிட்டது. பைத்தான் மொழியின் ‘ரேஞ்ச்’ இன்றும் முழு எண் படியளவை மட்டுமே ஏற்கிறது.

இருபத்தெட்டு உயிர்கள்

இவ்வளவு நுண்ணிய பிழையால் என்ன கேடு வந்துவிடும் என்று நினைப்போர் 1991ஆம் ஆண்டு பிப்ரவரி 25ஆம் நாள் சவூதி அரேபியாவின் தஹ்ரான் நகரில் நிகழ்ந்ததை அறிதல் வேண்டும். வளைகுடாப் போரின்போது அங்கு நிறுத்தப்பட்டிருந்த பேட்ரியட் ஏவுகணைத் தடுப்பு அமைப்பு, காலத்தைப் பத்தில் ஒரு நொடியாக எண்ணி வந்தது. எண்ணிக்கை முழு எண்ணே. அதனை நொடியாக மாற்றுவதற்குப் பெருக்கப்பட்ட பத்தில் ஒன்றுதான் 24 இருநிலை இலக்கங்களுக்குள் வெட்டப்பட்டிருந்தது. ஓர் எண்ணிக்கைக்கு விளைந்த குறை, ஒரு நொடியைக் கோடியாகப் பகுத்தால் அதில் ஏறத்தாழ ஒரு கூறளவே. ஆனால் அவ்வமைப்பு 100 மணி நேரத்திற்குமேல் இடைவிடாது இயங்கியது. 100 மணி நேரத்தில் 36 இலட்சம் எண்ணிக்கைகள். குறை வளர்ந்து 0.34 நொடியாயிற்று. அந்நேரத்தில் ஸ்கட் ஏவுகணை அரைக் கிலோமீட்டருக்குமேல் கடந்துவிடும். தடுப்பு அமைப்பு தவறான இடத்தில் அதனைத் தேடிற்று. இராணுவ முகாமின்மீது விழுந்த ஏவுகணையால் 28 வீரர்கள் மாண்டனர். திருத்தப்பட்ட நிரல் மறுநாள் வந்து சேர்ந்தது.

முழு எண்ணால் எண்ணினால் மட்டும் போதாது. எண்ணிக்கையை அளவாக மாற்றும் இடத்திலும் விழிப்பு வேண்டும் என்பதை இந்நிகழ்ச்சி உணர்த்துகிறது. 0.1ஐ மீண்டும் மீண்டும் கூட்டுவதைவிட 0 முதல் 10 வரை முழு எண்ணாக எண்ணி, ஒவ்வொன்றையும் 10ஆல் வகுப்பது நன்று. அவ்வாறு செய்தால் ஒவ்வொரு விடையிலும் ஒரே ஒருமுறைதான் வெட்டு விழும். முந்தைய பிழை அடுத்த சுற்றில் ஏறாது.

கைக்கணக்கின் தேவை

ஒன்று ஒன்றாக எண்ணும் மடக்கை எவரும் எழுதிவிடுவர். படியளவு மாறும்போதுதான் எழுதுபவருடைய புரிதல் வெளிப்படுகிறது. பேசிக்கில் ‘ஸ்டெப்’ என்னும் சொல்லை விட்டுவிட்டால் கணினி தானாகவே 1 எனக் கொள்ளும். சி++ மொழியிலும் ‘ஒன்று கூட்டு’ என்னும் குறியை மாணவர் பழக்கத்தால் எழுதிவிடுகின்றனர். தேர்வுக்காக மனப்பாடம் செய்த நிரல் அந்த ஒரு வடிவத்திலேயே உறைந்து நிற்கிறது. தோப்பின் இடைவெளி 25 என்றால் நிரல் மாறவேண்டும். பாசனமுறை 4 என்றால் மாறவேண்டும். மாற்றத் தெரியாதவர் மடக்கைக் கற்றவர் ஆகார்.

தொகுப்பில் உள்ள ஒவ்வொன்றையும் வரிசையாக எடுத்துத் தரும் மடக்குகள் புதிய மொழிகளில் உள்ளனவே, படியளவைப் பற்றி ஏன் கவலைகொள்ள வேண்டும் என்று கேட்போரும் உளர். அத்தகைய மடக்குகள் பயனுடையனவே. பல பிழைகளைத் தவிர்ப்பனவே. ஆயினும் நான்காவது முறையையும், ஏழாவது நாளையும், இருபத்தைந்தாவது அடியையும் தேர்ந்துகொள்ள வேண்டிய தேவை வாழ்க்கையில் ஒழியவில்லை. தேர்வு செய்பவர் மனிதரே.

ஆகவே, எந்த மொழியில் எழுதினாலும் கணினியின் முன் அமர்வதற்குமுன் தாளில் மூன்று எண்களையும் எழுதி, முதற்சுற்று, இரண்டாம் சுற்று, கடைசிச் சுற்று ஆகியவற்றில் மாறியின் மதிப்பு என்ன என்பதைக் கையால் கணக்கிட்டுப் பார்க்கும் பழக்கம் மாணவர்க்கு வேண்டும். சுற்றுகள் எத்தனை என்பதை முன்கூட்டியே சொல்லிவிட்டுப் பிறகு கணினியை இயக்கவேண்டும். விடை மாறுபட்டால் அதற்குரிய காரணத்தைத் தேடவேண்டும். சில நிமிடங்களில் முடியும் இப்பணி, அச்சிட்ட அட்டவணையைக் கண்மூடி நம்பும் மனநிலையிலிருந்து அவரை விடுவிக்கும்.

பொள்ளாச்சித் தோப்பில் கயிறு பிடிப்பவர் முதற்குழியில் ஒரு முளை அடிக்கிறார்; கடைசிக் குழியிலும் ஒரு முளை அடிக்கிறார்; இடையில் அளந்து அளந்து செல்கிறார். மண்வெட்டியை எடுப்பதற்குமுன் ஒருமுறை திரும்பிப் பார்த்து முளைகளை எண்ணிக்கொள்கிறார். நிரல் எழுதும் மாணவரும் செய்யவேண்டியது அதுவே.